சைபரா ஆறா

மேடவாக்கம் கூட்டு ரோட்டில்
பஞ்சர் கடைக்கு மேல் மாடி.
கன்னியப்பன் வாட்டர் சப்ளை.
ஆறாயிரம் லிட்டர், பன்னிரண்டாயிரம் லிட்டர்,
இரண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர்.

பெயருக்கு ஒரு கட்டம், போன் நம்பருக்கு ஒரு கட்டம்,
லோடுக்கு ஒன்று.
மீதி உலகம் மொத்தமும்
‘குறிப்பு’ என்கிற கடைசிக் கட்டத்தில்.
நாய் இருக்கிறது. சம்ப் மூடி உடைசல்.
பத்து மணிக்கு மேல் ஹாரன் அடிக்காதே.
போன தடவை அரை லோடுதான் விட்டான்.
இவற்றுக்கு நடுவே
வீட்டை மேப்பில் காட்டும் நீள முகவரி ஒன்று,
எச் டி டி பி எஸ் என்று ஆரம்பித்து,
புள்ளிகளும் எண்களுமாய்,
வெறும் எழுத்தாகக் கிடக்கும்.
அழுத்திப் பார்த்தால் அசையாது.

சபூரா அதை மவுஸால் இழுப்பாள்.
கடைசி எண் விட்டுப்போகும்.
மறுபடி இழுப்பாள்.
ஒரு நாளைக்கு நூற்றி எழுபது தடவை.
பட்டன் போன் வைத்திருந்த காலம் தொட்டு
துளசிங்கத்துக்கு வாயால் சொன்னால்தான் ஆகும்.
‘பன்னெண்டு புள்ளி ஒம்பது... அடுத்து
சைபரா, ஆறா? சரியாச் சொல்லும்மா.’
ஏப்ரலில் ஒரு சைபர் ஆறாகி
பெரும்பாக்கத்து லோடு
பெருங்குடியில் யார் வீட்டு கேட்டிலோ போய் நின்றது.
அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். சின்ன வேலை என்றார்கள்.
சின்னதுதான்.
கட்டத்துக்குள் இருப்பதைத் தொடக் கூடாது.
திரைக்கு வரும்போது மட்டும்
லிங்க் எது என்று கண்டுபிடித்து
நீலம் பூச வேண்டும்.
ஆரம்பம் தெரிந்ததுதான்.
முடிவு?

இடைவெளி வரும்வரை எடு என்று எழுதினேன்.
வாக்கியத்தின் முற்றுப்புள்ளியையும் சேர்த்து விழுங்கியது.
கடைசிப் புள்ளியை விடு. விட்டது.
அடைப்புக்குறியை விடு. விட்டது.
அப்புறம் வந்தார்கள் நம் ஜனங்கள்.
ஒருவரும் இடைவெளி விடவில்லை.
கடைசி எண்ணோடு ஒட்டி
‘ல வாங்க.’
‘தான் வீடு.’
‘க்கு எதிர்ல மாவு மில்லு.’
வேற்றுமை உருபு எண்ணோடு புணர்ந்து கிடந்தது.
இயந்திரம் அதையும் வழி என்று நம்பி
எழுத்தெழுத்தாய்ச் சதவீதக் குறியாக்கி
இல்லாத ஒரு தெருவைத் தேடிப் போனது.

எட்டாம் வகுப்பில்
நிலைமொழி வருமொழி பிரிக்கச் சொன்ன நாளில்
ஜன்னல் வழியே பஸ் எண்ணிக்கொண்டிருந்தேன்.
பஞ்சர் கடை மாடியில்
அதே கேள்வித்தாளைக் கொடுத்திருக்கிறார்கள்,
மதிப்பெண் மட்டும் கன்னியப்பன் போடுவார்.

கடைசியில் ஒரே வரி:
தமிழ் எழுத்து வந்தால் நில்.
எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பேசுகிற மொழியை எல்லைக்கல்லாக நட்டிருக்கிறேன்.
டீ ஆடை கட்டியிருந்தது.

மூன்று வருடக் குறிப்புகள் நீலமாயின.
சோதித்துப் பார்க்கத் திறந்தேன்.
இருநூற்று ஐம்பத்தைந்து எழுத்தோடு
வாயை மூடிக்கொள்ளும் பழைய கட்டம்
சில முகவரிகளைப் பாதியில் வெட்டியிருந்தது.
எண்பதில் சைபர் போய் எட்டு மட்டும் மிஞ்சியதால்
ஒரு வீடு
ஆப்பிரிக்காவில் ஏதோ காய்ந்த நிலத்தில்
சிவப்பு முள்ளாய்க் குத்தி நின்றது.
அங்கேயும் யாராவது
லாரிக்குக் காத்திருக்கலாம்.

சபூராவிடம் சொன்னேன், அழுத்தினால் போதும்.
தலையாட்டினாள்.
அடுத்த புக்கிங்.
நீலத்தின் மேல் போனதும் அம்பு கையாக மாறியது.
அவள் கை மாறவில்லை.
வழக்கம்போல் முதல் எழுத்திலிருந்து இழுத்தாள்.
முகவரி முழுசாகப் பெயர்ந்து
கூடவே வந்தது, மீன்முள்ளில் மாட்டிய
பிளாஸ்டிக் பை மாதிரி.
‘ஐயோ, என்னண்ணா இது, பின்னாடியே வருது!’

பிறகு அழுத்தினாள். மேப் திறந்தது. வீடு வந்தது.
துளசிங்கத்தின் புதுப் போனுக்கு அனுப்பினாள்.
‘நீலமா இருக்கும் பாருங்க, அதைத் தொடுங்க.’

அந்தப் பக்கம் லாரி உறுமிக்கொண்டிருந்தது.
பன்னிரண்டாயிரம் லிட்டர்
துரைப்பாக்கம் சிக்னலில் தளும்பும் சத்தம்.
‘நீலம் இருக்கட்டும்மா,
சைபரா, ஆறா?’